பார்த்துக்கொண்டிருந்த கால்

என் கண்ணெதிரே கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்த என் மகள், டாக்டர் சொன்னபடி முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு, திருத்தணி மலைப்படியை இன்றுதான் மறுபடி ஏறினாள். பாதி வழியில் “கொஞ்சம் உட்காரலாம்” என்றது நான்தான். அவள் உட்காரவில்லை, பத்துப் படி மேலே போய் நின்றுகொண்டாள்.

மண்டபத்தில் என் பக்கத்தில் அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் இரண்டு பேர். மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வலது முட்டியில் கறுப்புப் பட்டை.

“பாவா, வண்டியில விழுந்து அடிபட்டது இடது காலுதானே?” என்று கேட்டார் இளையவர், அவருடைய மச்சான்.

“ஆங்.”

“பட்டை வலதுல இருக்குதே? அவசரத்துல மாத்திப் போட்டுகினீங்களா?”

“தெரிஞ்சுதான் போட்டேன். இடது கால் ஆறு மாசமா பட்டையோடவே தறி மிதிச்சுது, கடைக்குப் போச்சு. இப்போ அதுக்கு பயமே இல்ல. படியைப் பார்த்ததும் நடுங்குறது இதுதான்.”

“இதுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே?”

“இடது விழுந்துச்சு, எழுந்துச்சு. இது பக்கத்துல இருந்து பார்த்த காலுடா.”

“டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா சிரிப்பாரு. உங்க அக்காகிட்டயும் சொல்லிடாத. கேட்டா, மாத்திப் போட்டுகினாருன்னே சொல்லு. பயந்தாங்கொள்ளின்றதுக்கு மறதிக்காரன் எவ்வளவோ மேல்.”

இளையவர் சிரித்துக்கொண்டே அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். மூத்தவர் வலது காலைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

மேலிருந்து மகள் கேட்டாள். “என்னம்மா, முட்டி வலிக்குதா?”

எனக்கு இரண்டு முட்டியும் நன்றாகத்தான் இருந்தன.

“ஆங், கொஞ்சம் வலிக்குது” என்றேன்.