நம்பர் இல்லாதவர்களுக்கு வந்தவை

— அப்போ ஆறு வருசமா என் போனுக்கு வந்துகினு கீற மெசேஜெல்லாம் நீ அனுப்பினதுன்ற?

— ஆக்சுவலா நான் அனுப்பலக்கா. நான் எழுதின புரோகிராம் அனுப்புது. நேத்து போன்ல பேசினேனே, கிருபா. நாவலூர்ல சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன்.

— லோன் குடுக்குற ஆளுன்னு நெனச்சேன் தம்பி. எம்பேரு தபீதாளு, சேலையூர்ல இஸ்திரி வண்டி, வேணும்னா வந்து பாருன்னு சும்மா சொல்லிட்டு வெச்சுட்டேன். மெய்யாலுமே வந்து நிக்கிற. கொஞ்சம் தள்ளி நெழல்ல நில்லு, பொட்டில இப்பதான் நெருப்பு போட்டேன்.

— இந்த நம்பர் முன்னாடி என்னுதுக்கா. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மெசேஜ் அனுப்புறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். யாரோட நம்பராவது லிஸ்ட்ல காலியா இருந்தா, டெஸ்ட் பண்றப்போ எனக்கு வரட்டும்னு என் நம்பரைப் போட்டு வெச்சேன். அதை எடுக்க மறந்துட்டேன். அப்புறம் சிம்மையும் விட்டுட்டேன். அது சுத்தி உங்களுக்கு வந்திருக்கு.

— ஒண்ணு எழுதினதுக்கா இஸ்கூலு, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், தண்ணி லாரின்னு வண்டி வண்டியா வருது?

— நல்லா ஓடுதுன்னு அடுத்தடுத்து எல்லா புராஜெக்ட்லயும் அதையே வெச்சுட்டாங்க. நாங்க எதையும் ரெண்டாவது தடவை எழுத மாட்டோம்க்கா. ஒரு இடத்துல வெச்சிருப்போம், வேணுங்கிறவங்க எடுத்துக்குவாங்க.

— மாவு ஆட்டி வெச்சா இட்லிக்கும் அதான், தோசைக்கும் அதான்.

— அதேதான்.

— மாவுல கல்லு கெடந்தா?

— எல்லாத் தோசையிலயும் கல்லுதான். போன வாரம்தான் அந்தப் பொது இடத்தைப் பாத்துக்குற பொறுப்பு எங்கிட்ட வந்துது. எதை யாரு எழுதினாங்க, எங்கெங்க ஓடுதுன்னு லிஸ்ட் எடுத்தேன். பதினோரு இடத்துல என் பழைய நம்பர் உக்காந்திருக்கு. வெக்கமாப் போச்சு. அதான் நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுட்டு, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு—

— மன்னிப்பு இன்னாத்துக்குன்றேன்? மத்தியானத்துல இந்தத் தெருவப் பாத்துகீறியா நீ? ஈ காக்கா இருக்காது. நானும் பொட்டியும்தான். அப்போ போன் சத்தம் குடுக்கும். சினேகா இன்னிக்கு இஸ்கூலுக்கு வரலன்னு வரும். நான் சட்டையத் தேச்சுகினே, பாவம், ஜுரமா இருக்குமோ, இல்ல கடலாண்ட சுத்திகினு இருக்காளோன்னு யோசிப்பேன். மறுநாளும் வரலன்னு மெசேஜ் வந்துறக் கூடாதேன்னு இருக்கும். வராது. அப்பாடான்னு இருக்கும்.

— முகமே தெரியாத பொண்ணுக்காகவா?

— எனக்குத் தெரியும். ரெட்ட சடை. முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் தூக்கினு இருக்கும். நானா வெச்சுகினதுதான், ஆனா அப்படித்தான் இருப்பா. ரோஹிணின்னு ஒரு பொண்ணுக்கு மண்டபம் புக் ஆச்சு. கல்யாணத்தன்னிக்கு இன்னா மழ தெரியுமா? ஜி.எஸ்.டி. ரோடு பூரா தண்ணி. மாப்ள வண்டி எங்க மாட்டிகினுச்சோன்னு ரோட்டையே பாத்துகினு நின்னேன். எங்க வூட்டுக்காரரு போனதுக்கப்பறம் இந்த ஜனங்கதான் தம்பி என்னச் சுத்தி நடமாடிகினு இருந்தாங்க.

— ஆக்சுவலா அது அவங்களுக்குப் போக வேண்டியதுக்கா. உங்ககிட்ட வந்தது தப்பு.

— தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தத் தப்புலதான் அப்பாதுரை உசுரோட கீறாரு.

— யாரு அப்பாதுரை?

— அதான் சொல்ல வரேன், நீ நடுவுல பேசாத. கிட்னிக்கு ரத்தம் சுத்தம் பண்றாங்களே, அந்த எடத்துலருந்து அவரு பேருல மெசேஜ் வந்துகினே இருந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு. இன்னிக்கு உங்களுக்கு இத்தினி மணிக்கு மிஷினு, லேட்டா வந்தா அடுத்த ஆளுக்குன்னு. யாரோ பெரிய மனுசன் உசுரு சமாச்சாரமாச்சே, நம்மகிட்ட வந்து கெடக்குதேன்னு ஒரு நாளு வண்டிய மூடிட்டு ஷேர் ஆட்டோ புடிச்சு குரோம்பேட்டைக்குப் போய்ட்டேன்.

— போய்ப் பாத்தீங்களா?

— வாசல் பெஞ்சுல உக்காந்துகினு இருந்தாரு. சுத்தமா காது கேக்காது. போன் வெச்சு இன்னா பண்றதுன்னு வாங்கவே இல்ல. மிஷினு எப்போ காலியாவும்னு தினம் மாறுமாம். அவருக்கு யாரு சொல்றது? காலைல அஞ்சு மணிக்கே வந்து, பச்சத் தண்ணி பல்லுல படாம, கூப்புடற வரைக்கும் குந்திகினு இருந்தாராம். சில நாளு கூப்ட்டது தெரியாம அடுத்த ஆளுக்குப் போய்டுமாம். மூச்சு வாங்கினு, காலு ரெண்டும் வீங்கி, பாக்க முடியல தம்பி.

— வேற நம்பர் குடுத்திருக்கலாமேக்கா. உங்க நம்பரையே அவர் பேர்ல எழுதிக் குடுத்திருக்கலாம்.

— அதான் வந்துகினு கீதே, அப்பறம் எதுக்கு எழுதணும்? நாலு வருசமா இதான். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு ரூம்ல தனியா கீறாரு. மெசேஜ் வந்தவொடனே நம்ம உமரு ஆட்டோவ அனுப்புவேன். அவன் போய் ஜன்னல்ல கைய ஆட்டுவான். அது வரைக்கும் மனுசன் நிம்மதியாப் படுத்துகினு இருப்பாரு. எப்படியும் கூப்புடுவாங்கன்னு.

— என்னென்ன கிழமைக்கா?

— செவ்வாயும் வெள்ளியும்.

— இன்னைக்குச் செவ்வாய்.

— அதனாலதான வண்டி மேலயே போன் வெச்சுகீறேன். ஒம்போது மணிக்கு வரணும்.

— இப்போ பத்தே முக்காலுக்கா.

— அதான் எனக்கும் ஒரு மாதிரி கீது. ஒரு நாளு லேட்டானது இல்லப்பா. நீதான் எழுதினதுன்ற, நல்லா எழுதிகீற. மழையோ வெயிலோ, தவறினதே கெடையாது. இன்னாத்துக்கு மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கிறியா?

— வேணாம்க்கா. அந்த உமர் நம்பர் இருக்கா? உடனே போடுங்க.

— டைம் தெரியாம ஆட்டோவ அனுப்பி இன்னா பண்றது? இரு, வந்துரும். சிக்னலு கீது, சார்ஜு கீது. நீதான் எதுனா பெரிய வேலைல கீறியே, உள்ள எட்டிப் பாத்துச் சொல்லேன், இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு.

— வராதுக்கா. காலைல எட்டு மணிக்கே பதினோரு இடத்துலயிருந்தும் அந்த நம்பரை எடுத்துட்டுத்தான் உங்களைப் பாக்கக் கிளம்பினேன்.