மாருல கட்டுன மல்லி

இந்தப் பக்கந்தேன் நர்சக்கா, எடது பக்கம். தொட்டுப் பாருங்க, கல்லு கணக்கா இருக்கா? மெதுவா, மெதுவா... ஆத்தீ. ஜாக்கெட்டுத் துணி ஒரசுனாலே உசுரு போகுது. நேத்துல இருந்து காச்சலும் அடிக்குது. நீங்க இப்புடிக் கட்டில்ல ஒக்காருங்க. மாமியா பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருக்காங்க, வர்றதுக்கு நேரமாகும்.

புள்ளயவா? பாக்கலாம்க்கா, மொதல்ல என்னயப் பாருங்க.

எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. மூத்தவளுக்கு ரெண்டு வருசம் குடுத்தவ நானு. அவளுக்குக் குடுக்கயில மொதல்ல காம்பு வெடிச்சு ரத்தமா வந்துச்சு. அப்ப நீங்கதான வந்து சொல்லிக் குடுத்தீங்க, காம்ப மட்டும் வாயில திணிக்காத அறிவுச்செல்வி, கறுப்பு வட்டம் அம்புட்டும் உள்ள போகணும், புள்ள வயிறு ஒன் வயித்தோட ஒட்டிக் கெடக்கணும்னு. குடிச்சு முடிச்சதும் கடைசிச் சொட்டையே காம்புல தடவிக் காய விடச் சொன்னீங்க. களிம்பு ஒண்ணும் வாங்க விடல. புண்ணு தானா ஆறிருச்சு. இவனுக்கும் ஆஸ்பத்திரியில அதே மாதிரிதேன் போட்டேன். பொறந்த ஒடனே கவ்விக்கிட்டான்க்கா. சீம்பால ஒரு சொட்டு வீணாக்கல. பக்கத்துக் கட்டில்காரி பாத்துட்டு, ஒம்புள்ள பொழச்சுக்கிருவான்டின்னா. வீட்டுக்கு வந்த பெறகுதேன் பால் கட்டிக்கிருச்சு.

ஆமா, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன். கக்கத்துல இருந்து காம்பப் பாத்து நீவி நீவிக் கையாலயே பீச்சி விட்டேன். பெறகு ஈரத்துணியும் போட்டேன். செத்த நேரம் லேசா இருக்கும், மறுபடி கிண்ணுன்னு ஏறிக்கிரும். பீச்சுன பாலக் கண்ட எடத்துல கொட்டலக்கா. எறும்பு மொச்சா பால் வத்திரும்னு எங்கம்மா சொல்லும். சொம்புல புடிச்சுக் கெணத்துல ஊத்திட்டு வாரேன்.

என்ன வாசமா? அட, அது காட்டிக் குடுத்திருச்சா. மல்லியப்பூக்கா. எங்க தோட்டத்துப் பூவுதேன். மாமியா மாருல வச்சுக் கட்டி விட்டாங்க. திட்டாதீங்க, எதுக்குக் கட்டுவாங்கன்னு எனக்குந் தெரியும். புள்ளயப் பறிகுடுத்தவளுக்குக் கட்டுவாங்க, பால் வத்துறதுக்கு. அய்யோ, அப்புடியெல்லாம் இல்லக்கா, பயந்துராதீங்க. அவன் நல்லாத்தேன் இருக்கான். கன்னமெல்லாம் சத வச்சுருச்சு.

காலையில புதுப்பூவா வச்சு, துணியச் சுத்தி இறுக்கிட்டுத்தேன் தோட்டத்துக்குப் போவாங்க. அவங்க தல மறைஞ்சதும் அவுத்துப் போட்டுட்டுப் பீச்சிருவேன். வர்ற நேரம் பாத்து நானே மறுபடி கட்டிக்கிருவேன். நேத்து காச்சல்ல அசந்துட்டேன், அவுக்கல. அந்த இறுக்கந்தேன் இப்புடிச் செவந்து கெடக்கு போல. வலி கெடக்கட்டும்க்கா, அத நான் தாங்கிக்கிருவேன். இந்தப் பாலு மட்டும் வத்திரக் கூடாது. பாலு இருந்தாத்தேன் எனக்கு வழி.

புள்ளயப் போட்டு உறிஞ்ச விட்டாச் சரியாயிரும்னு நீங்க சொல்லித்தேன் தெரியணுமா. அவன் வாய் பட்டாலே கரைஞ்சிரும்.

அவன் இங்க இல்லக்கா.

குஜிலியம்பாறையில இருக்கான். எங்க நாத்தனா கௌசல்யா மதினி இருக்காங்கல்ல, எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, அவங்க வீட்டுல. மதினிக்குக் கல்யாணமாகி இம்புட்டு வருசமாகியும் ஒண்ணும் தங்கல. போகாத ஆஸ்பத்திரி இல்ல. நான் முழுகாம இருக்கயிலயே இவரு கொலசாமி கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாரு, இந்தத் தடவ பொறக்குறது ஒனக்குத்தேன்க்கான்னு. என்னய யாரு கேட்டா. ஆஸ்பத்திரி வாசல்லயே காரு நின்னுச்சு. மதினி கைய நீட்டுச்சு, கூட்டமா எல்லாரும் நிக்கிறாங்க, குடுத்துட்டேன். அவங்க அங்கிட்டுப் போனாங்க, நான் இங்கிட்டு வந்தேன்.

போலீசா? யாரு மேலக்கா எழுதிக் குடுக்குறது, இவரு மேலயா? குடுத்துட்டு மூத்தவளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போயி நிக்க? எங்கம்மாவும் இல்ல இப்ப.

நான் என்ன நெனச்சேன்னா, மதினிக்குப் பாலா இருக்கு? பசியில வீறிட்டான்னா எங்கிட்டத்தான கொண்டாந்தாகணும். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, பால்குடி மறக்குற வரைக்குமாவது எம்மடியில கெடப்பான். அதுக்குள்ள மனசு மாறாதா மனுசங்களுக்கு. அதுக்காண்டித்தேன் இம்புட்டு வலியையும் வச்சுக்கிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கெழம போயிருந்தோம். புட்டிப்பாலக் குடிச்சுட்டுத் தூங்கிட்டு இருந்தான். முழிச்சதும் கெஞ்சி வாங்கி மடியில போட்டேன். அவன் சத்தங் கேட்டதுமே பாலு தானா வடிஞ்சு சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. வாயில வைக்கிறேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுகுறான்க்கா. அந்த ரப்பரு பழகிப்போச்சு அவனுக்கு. மதினி வந்து வாங்கிக்கிட்டு, அழுகாதடா தங்கம், அத்தை போயிருவாங்கன்னு சொல்லுச்சு. மொறைப்படி சரிதான. அது அம்மான்னா, இவரு மாமா, நான் அத்தைதேன்.

பழக்கி எடுத்துரலாமா? ஆமா, நீங்க சொல்றது நெசமாத்தேன் இருக்கும். பழக்குறதுக்குப் புள்ள கையில இருக்கணும்ல. வரமாட்டான்க்கா. ஒங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லயிலதேன் எனக்கே வெளங்குது.

அத்தைக்கு எதுக்குப் பாலு. காச்சலுக்குக் குடுக்குறதோட, வத்துறதுக்கும் மாத்திரை இருந்தாச் சேத்துக் குடுத்துட்டுப் போங்கக்கா.