கேள்வியையும் சேத்து சொல்லணும்

செவப்பு லைட்டு எரியுது, அப்ப கேமரா ஓடுதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதாம்மா? இருவத்தாறு வருசம் கேமராக்காரரோட குடித்தனம் பண்ணவ நானு. நீ கேளு தீபிகா.

இரு, இரு. நீ கேட்டதை நானே ஒருதபா சொல்லிட்டு, அப்புறம் பதில் சொல்றேன். எங்க ஊட்டுக்காரரு யூஜின் எல்லாரையும் அப்படித்தான் பேச வெப்பாரு. கேள்வியையும் சேத்து சொல்லுங்க, என் குரலை வெட்டிடுவேன், படத்துல உங்க கதை மட்டும்தான் நிக்கணும்னு சொல்வாரு. சரி. இந்த ஊட்டுல ஏன் இவ்ளோ பழைய கம்ப்யூட்டரு கீதுன்னா, அவருக்கு மரை கழண்டு போச்சு, அதான். சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். கட்டில் அடியில மானிட்டரு, மேல லாப்டுல மானிட்டரு, கிறிஸ்துமஸ் குடில் வெக்கிற எடத்துல கூட கீபோர்டு.

பொழப்பு இன்னாமோ கல்யாண வீடியோதான். அம்பத்தூர்லேந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த மண்டபத்துல கேட்டாலும் அவரைத் தெரியும். முகூர்த்தம் இல்லாத நாள்ல கேமராவைத் தூக்கிகினு கெளம்பிடுவாரு. இந்தப் பக்கம் மொத மொதல்ல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்க, அதுல கத்துகினவங்க, அத்தனை பேரையும் தேடித் தேடி பேச வெப்பாரு. பெரிய கம்பெனி ஆளுங்க இல்லம்மா. மெடிக்கல் ஷாப்புக்கு மேல ரெண்டு மிசினை வெச்சிகினு கிளாஸ் எடுத்தவங்க. ஆவடி பேக்டரில, அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஏத்துற அட்டை, அந்தக் கார்டுல ஓட்டை போடுற வேலை பாத்த கமலம் அக்கா. வீணாப்போன கார்டுக்குப் பின்னாடிதான் அந்தக்கா மளிகை சாமான் எழுதுவாங்களாம். அதுல ஒண்ணை வாங்கியாந்து என் பீரோவுல, பட்டுப்புடவை மேல வெச்சாரு. இன்னும் கீது. துவரம்பருப்பு ரெண்டு கிலோன்னு போட்டிருக்கும்.

அவருக்கு இந்தக் கிறுக்கு எப்படி வந்துச்சின்னா, நாங்க ரெண்டு பேரும் பாத்துகினதே அப்படி ஒரு கிளாஸ்ல. திருமுல்லைவாயில் ஸ்டேசன் பக்கத்துல, மாடியில. ஏசி ரூமு. மிசினுக்குள்ள தூசி போயிடுமாம், செருப்பைக் கீழ்ப்படியிலயே கழட்டணும். மழை நாள்ல காலைத் தொடைக்க சாக்கு போட்டிருப்பாங்க. கோயிலுக்குப் போற மாதிரி பயந்துகினு போவோம். என் செருப்பு மேல அவரு செருப்பைக் கழட்டி விட்டுட்டாரு, நான் கத்தினேன். அன்னிக்கு ஆரம்பிச்சது.

இல்லம்மா, அழல. பேசுறேன்.

அவரு எடுத்த இந்தப் படத்துல எனக்குப் புடிச்சது எதுன்னா, பூந்தமல்லியில கிளாஸ் எடுத்த மனோகரன் சார் பேசினது. அப்பல்லாம் பிளாப்பி இருந்துச்சில்ல, சதுரமா, அட்டை மாதிரி, நடுவுல ஓட்டை தெரியும். புள்ளைங்க வருசம் பூரா அடிச்சதெல்லாம் அதுலதான் இருக்கும். ஆயுதபூஜை அன்னிக்கு அத்தனையும் அடுக்கி வெச்சி, ஒண்ணொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிட்டாரு மனுசன். கரெக்டா அந்த ஓட்டை மேல. மறுநாள் விஜயதசமி, புதுசா சேர வந்தவங்க எதிர்லயே மிசினு கர்ருனு கத்துது, ஒண்ணுகூடத் தொறக்கல. முப்பது வருசம் கழிச்சி அதைச் சொல்லிட்டு தேம்பித் தேம்பி அழறாரு. அப்புறம் நிமிந்து கேமராவுக்குப் பக்கத்துல பாக்குறாரு. மூஞ்சி தெளிஞ்சிடுது. நடுவுல யூஜின் இன்னாவோ சொல்லிக்கீறாரு. இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியல. அந்த எடம் இல்ல. வெட்டிட்டாரு.

அவரு குரலு போன்லயாவது இருக்குமான்னா? எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. அவரு வாய்ஸ் அனுப்புற ஆளே இல்ல, டைப்தான் அடிப்பாரு. அவரு போனும் போச்சு. மாங்காட்டுல ஒரு கல்யாணத்துல கேமராவைப் புடிச்சிகினே உக்காந்தவரு, எழுந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்கு ஓடின ஓட்டத்துல போன் எங்க விழுந்துச்சின்னே தெரியல. வர்ற மாசம் அவருக்கு மொத வருச பூசை. எங்க கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தேன். அதுல மொத்தமும் பாட்டுதான் ஓடுது. சர்ச்சுல வார்த்தைப்பாடு குடுக்கும்போது வாய் அசையுது, மேல சினிமா பாட்டு.

அதான் உன்னை வரச் சொன்னேன். மிசின், டிஸ்க்கு, கார்டு எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. உன்னை மாதிரி படிச்ச புள்ளைங்ககிட்ட இருந்தா நாலு பேருக்கு ஆவும். ஒண்ணே ஒண்ணு செய். எல்லாத்தையும் ஒக்காந்து பாரு. எங்கனா வெட்ட மறந்து ஒரு வார்த்தை, ஒரு இருமல், ஒரு ம்ம், இருந்தா எனக்குக் குடு. நான் நாப்பது மணி நேரம் பாத்துட்டேன். நாப்பது மணி நேரமும் எல்லாரும் அவரைப் பாத்து சிரிக்கிறாங்க, அவரு சத்தம் மட்டும் இல்ல.

இன்னா கேட்ட? ஆமா, வெட்டினது படத்துல. வெட்டாத ஒரிஜினலு எங்கன்னு கேக்குற. நல்ல கேள்விதான்.

காப்பி ஆறுது பாரு. குடி.

போன வருசம் படம் ஏத்தி வெக்கிற டிஸ்க்கு ரொம்பிப் போச்சு, இன்னொண்ணு வாங்கணும்னாரு. அன்னிக்குக் காலையிலதான் லாப்டுலேந்து ஒரு மானிட்டரு என் கால்ல விழுந்து நகம் பேந்திருந்துச்சி. இன்னொரு சாமான் இந்த ஊட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னு கத்தினேன். எப்படியும் வெட்டத்தானே போறீங்க, உங்க தொணதொணப்பை அழிச்சாலே பாதி காலியாவும்னு சொன்னேன். ஒரு வாரம் ஒக்காந்து ஒரிஜினலை ஒண்ணொண்ணா அழிச்சாரு. எடம் வந்துடுச்சி ஸ்வீட்லின்னு வந்து சொன்னாரு. சந்தோசமாத்தான் சொன்னாரு.

சரி, கேள்வியையும் சேத்தே சொல்லிடுறேன், நீ வெட்டினாலும் நிக்கட்டும். யூஜின் குரலை யாரு அழிக்கச் சொன்னதுன்னா, நான்தான் அழிக்கச் சொன்னேன்.

ஆனா நீ வெட்டாதம்மா. நீ கேக்குற குரலும் அப்படியே இருக்கட்டும். உங்க அம்மாவுக்கு ஆவும்.