கடி சேராத தபால்தலை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வக்கீல் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய தங்கை அவர்களே, பல் மருத்துவப் பெருமக்களே, எங்கள் தபால்தலைச் சங்கத்தின் உறுப்பினர்களே, டாக்டரம்மாவிடம் ஒரு பல்லையாவது கொடுத்துவிட்டுப் போன நண்பர்களே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மா கோபமே படமாட்டார் என்றார்கள். போட்டி போடத் தெரியாதவர் என்றார்கள். பொறாமை என்றால் என்னவென்றே அறியாதவர் என்றார்கள். நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். சோதித்துப் பார்க்காததை ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. டாக்டரம்மா கோபப்பட்டார், நானே பார்த்திருக்கிறேன். போட்டி போட்டார், என்னோடுதான் போட்டார். மூன்றாவது மட்டும் உண்மை. அவருக்குப் பொறாமை தெரியாது. அவருக்கும் சேர்த்து அதை நான் பட்டேன். பின்வரிசையில் சிரிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். ஒரு காலத்தில் இந்திய சமஸ்தானங்கள் சில, தங்களுக்கென்று தனியாகத் தபால்தலை அச்சிட்டன. பெரிய சமஸ்தானங்களின் வேலை நேர்த்தியாக இருக்கும். சின்னவை அப்படி இல்லை. கல்லின்மேல் ஒவ்வொரு தபால்தலையாகக் கையால் வரைந்து, மை தடவி, அதே கல்லிலிருந்து தாள் தாளாக ஒற்றி எடுத்தார்கள். கையால் வரைந்ததால் ஒரு தாளில் இருக்கும் எந்த இரண்டு தலையும் ஒன்றுபோல் இராது. ஓரத்தில் துளை கிடையாது. கத்தரியால் வெட்டித்தான் ஒட்டவேண்டும். இன்றைக்கு நம் கைக்கு வருவது வெட்டிய ஒற்றைத் தலைதான். அது தாளில் எந்த இடத்தில் இருந்தது? அசலா, போலியா? ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, சிதறிப்போன தலைகளிலிருந்து ஒரு முழுத் தாளைத் திரும்பக் கூட்டவேண்டும். இதற்காக வயது வந்தவர்கள் வாழ்நாளைச் செலவழிக்கிறார்கள். நானும் டாக்டரம்மாவும் அப்படித்தான் செலவழித்தோம். அதிலும் ஒரே சமஸ்தானம், ஒரே தாள்! உலகத்தில் வேறு தாளே இல்லையா என்று கேட்பீர்கள். அதை நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். "நீங்க வேற தாளுக்குப் போங்களேன் டீச்சர்" என்றார்.

நான் பேராசிரியர். இந்தச் சங்கத்தில் எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

அவர் செய்த சேவையைச் சொல்லாமல் விட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். பழைய தபால் உறையைக் கொண்டுவந்த யாரையாவது அவர் திருப்பி அனுப்பியதுண்டா? வீட்டுப் பெட்டியில் கிடந்தது என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால், மருத்துவமனை நாற்காலியில் ஆள் காத்திருந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். நாற்காலியில் இருப்பவருக்கும் விளக்கம் நடக்கும். ஒருமுறை கேட்டேன், நோயாளிகளிடம்போய் இதையெல்லாம் பேசுகிறீர்களே என்று. "வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்கதான் டீச்சர் நல்லாக் கேப்பாங்க. உங்க ஸ்டூடன்ட்ஸ் மாதிரி நடுவுல எந்திரிச்சுப் போக முடியாதில்ல?" என்றார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் சமஸ்தானத் தபால்தலையை அப்படித்தான் கற்றிருப்பீர்கள்.

கோபத்துக்கும் சாட்சி சொல்கிறேன். எங்கள் உறுப்பினர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், உறையிலிருந்து தலையைக் கழற்றுவதற்காக இதே மேஜையில் கிண்ணத்துத் தண்ணீரில் போடப்போனார். மற்றத் தபால்தலைகளை அப்படித்தான் கழற்றுவோம். சில சமஸ்தானங்களின் மையோ தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். "போடாதய்யா! கையை எடு!" என்று ஒரு சத்தம். கீழே டயர் கடைக்காரர் காற்றடிக்கிற மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தார். மை கரையும் என்று சொல்லவேண்டியவள் யார்? வேதியியல் படித்த நான்! நான் வாயைத் திறப்பதற்குள் கிண்ணம் டாக்டரம்மா கையில் இருந்தது. தலை பிழைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

இனி அந்த மூலைத் தலைக்கு வருகிறேன்.

எங்கள் தாளில் மேல்வரிசை இடது மூலைத் தலைதான் அரிதிலும் அரிது. டாக்டரம்மாவிடம் ஒன்று இருந்தது. என்னிடமும் ஒன்று உண்டு. அவருடையது நேற்று அச்சிட்டதுபோல் இருக்கும்; நான்கு பக்கமும் தாராளமான ஓரம். என்னுடையதில் தபால் முத்திரை முகத்தின் மேலேயே விழுந்திருக்கும். மூன்று பக்கம் கத்தரி தின்றுவிட்டது, வலது ஓரம் மட்டும் தப்பியது. கண்காட்சிக்குக் கண்காட்சி அவருடைய மூலைக்கு முன்னால்தான் கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று பூதக்கண்ணாடியால் பார்த்திருக்கிறேன். ரசிக்கவா பார்த்தேன்? குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்தேன், மையைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் பார்த்தும் ஒரு குறை அகப்படவில்லை.

பிறகு ஒரு வியாபாரி, மூலைக்கு அடுத்த இடத்துத் தலையைக் கொண்டுவந்தார். அது எங்கள் இருவரிடமும் இல்லாதது. நான் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா என் விரலிடுக்கிலிருந்து அதை மெல்ல உருவிக்கொண்டார். "நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க டீச்சர். நான் வாங்கிக்கிட்டே இருக்கேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில், இந்த அறையில் நாற்காலி போதவில்லை. மூலையையும் அடுத்ததையும் ஒட்டிவைத்துக் காட்டப்போகிறார் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். நானும் முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எங்கள் தாளில் தலைகளைச் சுற்றி ஒரு பூங்கொடி ஓடும். ஒரு தலையின் வலது ஓரத்தில் வெளியேறும் கொடி, அடுத்ததன் இடது ஓரத்தில் அதே உயரத்தில் உள்ளே நுழையவேண்டும். பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டரம்மா இரண்டையும் இடுக்கியால் சேர்த்துவைத்தார். பார்த்தார். விலக்கிவைத்து மறுபடி சேர்த்தார்.

"கடி சேரல" என்றார்.

வக்கீல் ஐயாதான் கேட்டார்: "என்னம்மா சொல்றீங்க?"

"மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரலைன்னா என்ன சொல்வோம்? அதுதான். கொடி இதுல மேல ஏறிப் போகுது, அதுல கீழயிருந்து வருது. இந்த மூலை பொய்ப்பல்லுங்க."

"அவசரப்படாதீங்க. புதுசா வந்ததுதான் போலியோ என்னவோ."

"புதுசு தனக்கு வலப்பக்கத்துத் தலையோட சேருது, கீழ இருக்கறதோட சேருது. ஊரோட ஒத்துப்போகாதது என்னோடது மட்டும்தான்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. மறுநாள் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அங்கேயே தலையைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் 'போலி' என்று எழுதினார். ஆல்பத்தில் மூலையைக் காலியாக விட்டார். "சரி, டீ எங்கய்யா?" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும் அல்லவா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முயன்று பார்த்தேன். வரவில்லை. பொறாமையோடு அத்தனை வருஷம் தேடியும் எனக்குக் கிடைக்காத குறை, அந்தத் தலையை நேசித்தவர் கண்ணுக்கு ஒரு மாலையில் அகப்பட்டது! அதுவரை அவருடைய தபால்தலைமேல் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து வேறொன்றின்மேல் பட்டேன். அது எந்த வியாபாரியிடமும் வருவதில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கேள்வி வரும். "டீச்சர், உங்க மூலையைக் கொண்டாங்க. அதுல வலது ஓரம் இருக்கில்ல? கடி பாத்துடலாம்."

"என் பல்லுல சொத்தை இல்ல டாக்டர்."

"அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் ரெண்டு பல்லு போகும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் கொண்டுவரவில்லை. அடுத்த இடத்துத் தலை உலகத்தில் எங்கெங்கோ இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவருடைய ஆல்பத்தில் இருப்பது ஒன்றுதான். அதன் பக்கத்தில் வைக்காதவரை என்னுடையது அசல்.

போன வாரம் அவருடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். ஆல்பத்தைச் சங்கத்துக்கே கொடுக்கிறோம் என்றார். மூலை இடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதலில் அதையா கேட்பது? ஆனால் கேட்டேன்.

"காலியாத்தாம்மா இருக்கு. வேற ஒண்ணு வந்துச்சு, வாங்கலாமேன்னு நான்கூடச் சொன்னேன். 'அது டீச்சரோட இடம், சும்மா இருங்க'ன்னுட்டா. ஒரு நாள் நீங்க கொண்டு வருவீங்களாம். அது அசலா இருந்தாலும் போலியா இருந்தாலும் நான் சிரிக்கக் கூடாதாம். என்கிட்ட கண்டிஷன் போட்டா."

பாருங்கள், இதிலும் முந்திக்கொண்டார்! நான் வருவேன் என்று எனக்கே தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்மேல் பொறாமைப்படாமல் யாரால் இருக்கமுடியும்?

சபையோரே, இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர்கள், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி அமர்வது வழக்கம். டாக்டரம்மாவின் பணி எது? தபால்தலை சேர்ப்பதா? அதை யாரும் செய்யலாம், நானே செய்கிறேன். தன்னுடையதைத் தானே எடுத்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் சோதனைக்கு வைப்பது அவருடைய பணி. அதைத் தொடர்கிறேன் என்று வாயால் சொன்னால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

அவருடைய ஆல்பம் இதோ இந்த மேஜைமேல் இருக்கிறது. என் கைப்பையில் என் மூலைத் தலை இருக்கிறது. புறப்படும்போது அதைப் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. வக்கீல் ஐயா, இடுக்கியை நீங்கள் பிடியுங்கள். டாக்டரம்மாவின் கணவர் அவர்களும் அருகே வரவேண்டும். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள் ஐயா, நான் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

கடி சேர்ந்தால், இந்தத் தலை அவருடைய தாளில், அவர் பெயரில், அந்தக் காலி இடத்தில் உட்காரும். சேராவிட்டால், பென்சில் கொண்டுவந்திருக்கிறேன். பின்பக்கம் எழுதவேண்டியதை நானே எழுதுகிறேன்.

விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்.