ஆயில் மேல் பழி போடாதீர்கள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் குழப்பம் வரும் சார். கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா. மாற்றியே ஆகணும் என்று பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள், தொட்டால் கெட்டது என்று மீதிப் பேர். இரண்டு கட்சியிலும் கார் இல்லாதவர்கள்தான் அதிகம்.

என் மாமாவுக்கும், அதாவது அக்கா வீட்டுக்காரருக்கும், அந்தக் குழப்பம் வந்தது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போவதற்கு முன், தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி கொஞ்சம் யோசிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில், இந்த ஆயில் ஆயுசுக்கும் போதும், மாற்றத் தேவையில்லை என்று போட்டிருந்தது.

"யாரோட ஆயுசுக்குடா? காருக்கா, எனக்கா?" என்றார் மாமா.

"ஆயிலோட ஆயுசுக்கு மாமா," என்றேன்.

அக்கா சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான குழந்தை. "வண்டிக்கு எண்ணெய் போடறதுல இருக்கற அக்கறை! இங்க ஒருத்தி கால் வீங்கிக் கிடக்கேன், ஒரு சொட்டுத் தைலம் தேய்ச்சு விட ஆளைக் காணோம்."

மாமா சிரித்துக்கொண்டே போய்த் தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அரியர் உண்டு. ஆனாலும் வீட்டில் கார், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் நான்தான் நிபுணன். மாமா என்னை 'சயின்டிஸ்ட்' என்பார். கல்லூரிக்குப் பக்கம் என்று அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மாடி அறை என்னுடையது. அந்த வீட்டில் காற்று வருகிற ஒரே அறை.

வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வா என்று மாமா என்னைத்தான் அனுப்பினார். மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"கருகிப் போச்சு தம்பி. உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சிருக்கும். இந்த அழுக்குதான் இப்ப அதுக்குப் பிடிமானம். புது ஆயில் விட்டா வழுக்கி, வண்டி படுத்தாலும் படுக்கும். விட்டு வெச்சா கொஞ்ச மாசம் ஓடும். அக்காவுக்கு எப்ப?"

"அடுத்த மாசம்."

"அப்ப மாத்தாதீங்க. குழந்தை வீடு வந்து சேரட்டும், அப்புறம் பிரிச்சுப் பார்க்கலாம். மாமாகிட்ட மறக்காம சொல்லிடு."

வீட்டுக்கு வந்தால் என் கட்டிலை ஒட்டி ஒரு மரத் தொட்டில் நின்றது. என் புத்தகங்கள் மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளோடு.

"சயின்டிஸ்ட், பாப்பா வந்ததும் நீ ஹாலுக்கு ஷிஃப்ட்," என்றார் மாமா. "டிவி இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு. ராஜ வாழ்க்கைடா."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைக் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

"ஆமா, மெக்கானிக் என்ன சொன்னார்?"

"மாத்திடுங்கன்னார் மாமா."

மாத்தாதீங்க, மாத்திடுங்க. இரண்டு எழுத்துதான் வித்தியாசம். மெக்கானிக்குக்கு இந்த வாரம் வேலை நெருக்கடியாம் என்று சொல்லி, மாமாவின் ஆபீஸ் பக்கத்திலேயே மெஷின் வைத்து அலசி மாற்றுகிற கடையைக் காட்டியதும் நான்தான். கடைக்காரர் தயங்கியிருக்கிறார். பழைய வண்டியாச்சே சார், யாராவது பார்த்தாங்களா என்று கேட்டிருக்கிறார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "மச்சான் இன்ஜினியர்," என்றாராம்.

அப்போது எனக்குப் பெரிய திட்டமெல்லாம் இல்லை. மாமா நடுரோட்டில் காரைத் தள்ளுகிற காட்சி ஒன்று மனதில் ஓடியது, அவ்வளவுதான். உங்களுக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், புரியும்.

அக்காவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் பட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். ஒரு மத்தியானம் பட்டது. மாமா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். நான் மாடியில் இருந்தேன். மேம்பாலம் ஏறுகிற இடத்திலிருந்து போன் வந்தது.

"டேய், இன்ஜின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. அக்காவுக்கு நிக்காம போகுதுடா. நீ ஆம்புலன்ஸுக்கு அடி, நான் இவளைப் பிடிச்சுக்கறேன்."

"பதறாதீங்க மாமா. இதோ அடிக்கிறேன்."

மாமா உங்களிடம் கொடுத்திருக்கிற புகார் ஆயில் கடைக்காரர் மேல். நீங்களும் அவரைக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், அழுதுகொண்டிருக்கிறார். இது தொழில்நுட்ப ரீதியாகத் தவறு சார். புது ஆயில் வண்டியைத்தான் நிறுத்தும், ஆளை நிறுத்தாது. அந்தப் பாலத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு ஆட்டோ போகும்.

இரண்டாவது தடவை மாமா கூப்பிட்டார். "வருதாடா?"

"சிக்னல் தாண்டிட்டாங்களாம் மாமா. அக்காவை அசைக்காதீங்க, ஆபத்து."

வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் மனுஷன் வேறு வழி தேடமாட்டான். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. ஒரு வேன்காரர் நிறுத்தி, "ஏத்துங்க சார், நான் கொண்டுபோய் விடறேன்," என்றாராம். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாங்க, ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு," என்று அனுப்பிவிட்டாராம். அதை அவரே என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னார். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்றாவது போனில் மாமா பேசவில்லை. அக்கா பேசினாள். "தம்பி, எங்கடா வராங்க? உள்ள பாப்பா அசைவே தெரியலடா," என்றாள். "இதோ வந்துட்டாங்கக்கா, கண்ணை மூடிக்கோ," என்றேன். கடைசியில் யாரோ ஒரு ஆட்டோக்காரர் கேட்காமலே தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை. பெண்ணாம்.

மறுநாள் மாமா வீட்டுக்கு வந்து மாடி ஏறிப் பார்த்தார். தொட்டில் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்தேன். "அவ கண்ணுல படக்கூடாதுன்னு உனக்காவது தோணிச்சே," என்று என்னைக் கட்டிக்கொண்டார். எப்போது பிரித்தேன் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இரண்டாவது போனுக்கும் மூன்றாவது போனுக்கும் நடுவில்.

என் போனை வாங்கிப் பாருங்கள். அந்த மத்தியானம் மாமாவின் அழைப்புகள் வந்திருக்கும். என்னிடமிருந்து யாருக்கும் ஒரு அழைப்புகூடப் போயிருக்காது. ஆம்புலன்ஸை நான் கூப்பிடவே இல்லை.

மாமா இன்னும் ஆம்புலன்ஸ்காரர்களைச் சபித்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் ஆயிலைத் துருவிக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானேதான் சொல்கிறேன். முதலில் அந்தக் கடைக்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள் சார். கண்ணெதிரே ஒரு அப்பாவி கஷ்டப்பட்டால் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.