முப்பது முடிச்சு

— முப்பதுதானா, லூ மச்சான்? நல்லா எண்ணுனீங்களா?

— எதிரி விட்டுட்டுப் போன முகாம்ல முப்பதாயிரம் அடுப்பு. ஆயிரத்துக்கு ஒரு முடிச்சு. முந்தாநாள் நூறு, நேத்து அம்பது, இன்னிக்கு முப்பது. எதிரிப் படை பயந்து கலைஞ்சு ஓடுது, பெங். இந்தக் கயித்தைத் தளபதி கையில குடுத்துட்டா நம்ம வேவு வேலை முடிஞ்சுது.

— இருங்க. இந்த அடுப்புக்குள்ள கையை விட்டுப் பாருங்க. முழங்கை வரைக்கும் சாம்பல். ஒரே அடுப்புல மூணு உலை ஏத்தியிருக்கான்.

— காத்து கொண்டுவந்து கொட்டியிருக்கும்.

— சரி, காத்துன்னே வைங்க. ஓடைக்கரையில பீக்குழி வெட்டியிருக்கானே, அது? மூக்கைப் பொத்திக்கிட்டு நடந்து அளந்தேன். முந்தாநாள் எம்புட்டு நீளமோ, இன்னிக்கும் அம்புட்டு நீளம். அடுப்பைக் குறைச்சவனுக்கு அதைக் குறைக்க முடியலை!

— உன்னை வேவு பார்க்க அனுப்புனாங்களா, பீக்குழி அளக்கவா?

— சிரிக்காதீங்க மச்சான். ஒருத்தனும் ஓடலை. அத்தனை பேரும் முன்னாடி எங்கேயோ பதுங்கியிருக்கான். எல்லாம் எதிரிக்கு யோசனை சொல்ல மூடுவண்டியில உக்காந்து வர்ற அந்த நொண்டியோட வேலை.

— நொண்டின்னு சொல்லாதே.

— எதிரிக்கு என்ன மரியாதை? இந்தக் கயித்தைப் பார்த்தா தளபதி காலாட்படையை விட்டுட்டு, குதிரைப்படையோட பாய்ஞ்சு போவாரு. முன்வரிசையில எங்க அண்ணன் இருக்கான்!

— உங்க அண்ணன் வயித்துப்போக்குன்னு கூடாரத்துல படுத்திருக்கான். காலையில வைத்தியர்கிட்ட சொல்லிப் படுக்க வச்சது நான்தான்.

— அவன் நல்லாத்தானே இருந்தான்... அப்போ உங்களுக்குத் தெரியும்.

— நேத்தே சாம்பலைக் கிளறிப் பார்த்துட்டேன்.

— தெரிஞ்சே முடிச்சுப் போட்டீங்களா? அண்ணன் ஒருத்தன் பிழைச்சா போதுமா? மத்தவன்லாம் யாரு, நம்ம வெய் நாட்டுப் பசங்கதானே? நான் போய்த் தளபதிகிட்ட சொல்லுறேன்.

— சொல்லு. அவர் மூணு நாளா முப்பதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு. உன் பீக்குழியை யாரு கேப்பா?

— அந்த மூடுவண்டி ஆளு உங்களுக்கு என்ன குடுத்தான் மச்சான்?

— ஒண்ணும் குடுக்கலை. ஒரு வாய் தண்ணி கேட்டாரு. அதைக்கூட நான் குடுக்கலை.

— எப்போ?

— அவரும் நம்ம தளபதியும் ஒரே குருகிட்ட படிச்சவங்க. அவர் தன்னை மிஞ்சிடுவார்னு தளபதி பயந்து, விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு, துரோகிப் பட்டம் கட்டி, ரெண்டு முழங்கால் சில்லையும் எடுக்கச் சொன்னாரே...

— அதுதான் ஊருக்கே தெரியுமே. உங்களுக்கும் அதுக்கும் என்ன?

— கத்தி இறங்குறப்போ, அவர் காலை அசையவிடாம அமுக்கிப் பிடிச்சிருந்தவன் நான்தான், மாப்ளே.