எண்ணெய் போட்ட வில்லும் இழுத்துப் பேசிய நானும்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்து எங்களை நெறிப்படுத்திக்கொண்டிருக்கும் பள்ளித் தாளாளர் அம்மா அவர்களே! ஆறு வயதுப் பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்துவிட்டு, இன்னும் அதே புன்னகையோடு வேலைக்கு வரும் வயலின் ஆசிரியை அவர்களே! காதில் பஞ்சு வைத்திருந்தாலும் கண்ணில் கனிவு வைத்திருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே! பெற்ற பிள்ளை வில்லைத் தூக்கினாலே கண்கலங்கிவிடும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியனாகிய நான் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

எனக்கு ஒதுக்கியது இரண்டே நிமிடம். ஆனால் மேடை ஏறும்போது நமது உடற்பயிற்சி ஆசிரியர் என் காதருகே வந்து, "சார், எவ்ளோ நேரம் வேணாலும் பேசுங்க" என்றார். என் வாழ்நாளில் எவரும் என்னிடம் சொல்லாத சொல் அது. என் மனைவியும் சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கூட்டு வயலின் வகுப்பைத் தொடங்கியபோது எழாத கேள்வி உண்டா? கிளம்பாத கேலி உண்டா? "ஒவ்வொருத்தரா சொல்லிக் குடுக்கலாமே, எதுக்கு சார் கும்பலா?" என்றார் கணக்கு ஆசிரியர். "கும்பலா வாசிச்சா தப்பு யாருதுன்னு தெரியாதுல்ல" என்றேன். உண்மையான பதில் அன்று என்னிடமும் இல்லை.

முதலில் அட்டைப்பெட்டியில் செய்த வயலின், அளவுகோல்தான் வில். நிற்கப் பழகினார்கள், நிமிரப் பழகினார்கள், சேர்ந்து இழுக்கப் பழகினார்கள். அடடா, எவ்வளவு அமைதியான நாட்கள் அவை! பிறகு உண்மையான வயலின்கள் வந்தன. மாலை வந்தது, மணி அடித்தது, பன்னிரண்டு வில்லும் ஒன்றாக இறங்கின. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்தார்கள். அடுத்த சுவர் தாளாளர் அறையின் சுவர். அம்மா எழுந்து வந்து சொன்னார்: "சார், விழா அன்னைக்கு நானே உக்காந்து கேக்குறேன். பாட்டா இருந்தா நடத்துங்க. வெறும் சத்தமா இருந்தா அதோட நிறுத்திக்கலாம்." அந்த விழா இன்று. அந்தத் தீர்ப்பும் இன்று.

தாய்மார் பக்கம் என்னம்மா கேட்கிறீர்கள்? "பசங்கள எப்ப மேடைக்கு விடுவீங்க" என்றா? நியாயம். இனி மறைத்துப் பயனில்லை.

மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே, தையல் மெஷின் மெக்கானிக் அண்ணன், அவர் நம் பிள்ளை ஒருவனின் தந்தை. நல்லவர். கிறீச்சென்று எது கத்தினாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. இன்று காலை ஒத்திகை பார்க்க வந்தவர், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அங்கே இருந்த வில் அத்தனைக்கும் மெஷின் எண்ணெய் போட்டுவிட்டார். "இனிமே கத்தாது சார்" என்று என்னிடம் பெருமையாகவும் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

வில்லில் கட்டியிருக்கும் முடி தந்தியைப் பற்றி இழுத்தால்தான் ஒலி. எண்ணெய் பட்டால் வழுக்கும். இப்போது கத்தவில்லைதான்; ஆனால் எதுவுமே கேட்கவில்லை. அண்ணே, நிமிருங்க. உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? ஆசிரியை உள்ளே துடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குத்தான் நான் இங்கே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதோ, உடற்பயிற்சி ஆசிரியர் திரையை விலக்கித் தலையை நீட்டுகிறார். சத்தமாகவே சொல்லுங்கள் சார், எல்லாரும் நம்மவர்கள்தான்.

"எண்ணெய் போகல சார். ஆனா ஒரு வில்லு மட்டும் நல்லா இருக்கு. பூட்டோடது."

பூட்டு யார் என்று கேட்கிறீர்களா? என் வகுப்புச் சிறுமி. பென்சில் கேட்டால் பெட்டியை மூடுவாள். பெட்டியைக் கேட்டால் பையை மூடுவாள். ஏன் என்று கேட்டால் வாயை மூடுவாள். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. தண்ணீர் குடிக்கப் போனபோதும் வில்லைக் கையோடு கொண்டு போயிருக்கிறாள். மெக்கானிக் அண்ணனின் அன்பிலிருந்து தப்பியது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். வில் ஒன்று. என்ன செய்ய? ஆளுக்கு ஓர் இழுப்பு; இழுத்துவிட்டு அடுத்தவர் கையில் வில். இதுதான் ஆசிரியையின் திட்டமாம். திட்டம் சரி. பூட்டு திறக்குமா?

திரை விலகுகிறது. வரிசையின் முதலில் அவளே நிற்கிறாள். வில்லை வைத்தாள். இழுத்தாள். கேட்டீர்களா? அது சத்தமா? அது சுரமல்லவா?

பக்கத்தில் நிற்பவன் மெக்கானிக் அண்ணனின் மகன். கையை நீட்டுகிறான். அவள் வில்லைப் பார்க்கிறாள். அவனைப் பார்க்கிறாள். வில்லை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அம்மா கண்ணு, அவன் கேட்பது பென்சில் இல்லை, கேட்பது பாட்டின் மிச்சம். நீ கொடுத்தால்தான் நீ தொடங்கியது முடியும்.

கொடுத்துவிட்டாள்!

"முடியத் தொடாத. மெதுவா இழு" என்று அதட்டலும் சேர்த்துக் கொடுக்கிறாள். அவன் இழுக்கிறான். அடுத்தவள், அதற்கும் அடுத்தவன். கைமாறிக் கைமாறி ஒரு பாட்டு நடந்து போகிறது. அவளைப் பாருங்கள், ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நிற்கிறாள், இன்னொரு முறை வாசிக்க. கணக்கு ஆசிரியரே, கும்பலாக எதற்கு என்று கேட்டீர்களே, அந்தப் பதில் இதோ மேடையில் நிற்கிறது. தாளாளர் அம்மா அவர்களே, இது பாட்டா, வெறும் சத்தமா? இந்த வகுப்பு வாழுமா, வீழுமா? பிள்ளைகளின் சார்பில் கேட்கிறேன், தங்கள் தீர்ப்பு என்ன?

"சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. பாட்டு கேக்கணும்."

பாட்டு என்று அம்மாவே சொல்லிவிட்டார். ஒலிவாங்கியை நான் இவ்வளவு மகிழ்ச்சியோடு என்றுமே விட்டதில்லை. பொறுத்த செவிகளுக்கு நன்றி, பெற்ற வயிறுகளுக்கு வணக்கம். கேளுங்கள்.